கட்-ஆஃப் சுவிட்சில் ஈரத் துண்டு

நடந்ததுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுது போகாதவன் கட்டிவிட்ட கதை இல்லை. காளிதாஸ் பொய் சொல்கிற ஆளும் இல்லை. பொய் சொல்லப் பொறுமை வேண்டும். அந்தச் சரக்கு அவரிடம் பிறவியிலேயே கிடையாது. நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் காளிதாசா, கை சுத்தம், வாய்தான் சரியில்லை என்பார்கள்.

நள்ளிரவில் நடந்ததும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள். மத்தியானம் ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அதுதான் அதிகப் பயம். இருட்டில் வந்தால் வெளிச்சத்துக்கு ஓடலாம். வெளிச்சத்திலேயே வந்தால் எங்கே ஓடுவது?

அன்றைக்கு மத்தியானம் காளிதாஸ் சோற்றில் கை வைத்த நேரத்தில் போன் அடித்தது. தங்கை அபிநயாவின் வீட்டுக்காரன் ஜீவா.

"மச்சான், படகுல சுத்தமா கரண்டே இல்லீங்க. செல்ப் எடுக்கல. ஹாரன் இல்ல, லைட் இல்ல. ரெண்டு பேரு வந்து பாத்துட்டுக் கைய விரிச்சுட்டுப் போயிட்டாங்க. நாளைக்குப் பதினெட்டு. ஓனரு காலைல இருந்து கத்திட்டே இருக்காருங்க."

"கத்தட்டும்ங்க. உங்கள யாருங்க மாப்ள அந்தப் படகுக்குப் போகச் சொன்னது?"

எவ்வளவு கோபம் வந்தாலும் காளிதாஸ் அந்த 'ங்க'வை விடமாட்டார். கொங்குக்காரர். மரியாதையோடு திட்டுவார். அவர் வாயில் 'ங்க' விழவில்லை என்றால் எதிரில் நிற்பவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது நல்லது.

அவருக்குக் கோபம் இருந்ததில் நியாயமும் இருந்தது. ஜீவா நல்ல லாரி டிரைவர். வடக்கு லைனில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். அபிநயா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க முடியாது என்று லாரியை விட்டான். ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு மேலே, காவிரி தேங்கி நிற்கிற இடத்தில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு மோட்டார் படகில் டிரைவராகச் சேர்ந்தான். தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். "தண்ணியில பொழைக்கற பொழப்பு நமக்கெதுக்குங்க" என்று காளிதாஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை தலையாட்டுவான், மறுநாள் படகுக்குப் போய்விடுவான்.

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, டூல்ஸ் பையைத் தூக்கி பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஆடிக் காற்று. கண்ணில் மண். பரமத்தி தாண்டுவதற்குள் உலகத்தில் இருக்கிற படகு முதலாளிகள் எல்லோரையும் திட்டி முடித்திருந்தார்.

படகைப் பார்த்ததும் மிச்சம் இருந்த பொறுமையும் போனது.

முதலாளி அன்பழகன் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தவர். படகு வாங்க ஆசைப்பட்டவர், படகு கட்டுகிறவனிடம் போகவில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்துக் கட்டியிருந்தார். இரும்புத் தகடு. பழைய லாரி எஞ்சின். லாரி ஹாரன், லாரி டேஞ்சர் லைட். பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் 'ஒலி எழுப்பவும்' என்று வேறு எழுதியிருந்தது. காவிரியில் எவன் ஓவர்டேக் எடுக்கப் போகிறான்?

அதையாவது சிரித்துவிட்டு விடலாம். வயரிங்கையும் லாரி போலவே பாடி எர்த் கொடுத்துச் செய்திருந்தார்கள். லாரிக்கு அது சரி. பிளஸ்ஸுக்கு ஒரு ஒயர் இழுத்தால் போதும், மைனஸ் பாடி வழியாகவே திரும்பிவிடும். தண்ணீரில் கிடக்கிற இரும்புப் படகில் அப்படிக் கொடுத்தால் கரண்ட் கசியும். தகட்டை அரித்துத் தின்னும். படகு கட்டுகிறவன் கனவில்கூட அதைச் செய்யமாட்டான். லாரிக்காரன் செய்வான்.

"இதுல ஆள ஏத்தறதுக்கு, நேரா ஆத்துலயே தள்ளி உட்றலாமுங்க" என்றார் காளிதாஸ்.

அன்பழகன் வெள்ளைச் சட்டையில் கரையில் நின்றிருந்தார். "வேலையப் பாருங்க காளிதாசு. வியாக்கியானம் வேண்டாம். நாளைக்கு விடியறதுக்குள்ள கூட்டம் வந்துரும். பொழுதுக்குள்ள எனக்குப் படகு ஓடியாகணும்." சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

காளிதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு படகில் இறங்கினார்.

அவர் வேலை செய்கிற முறை எளிது. ஒரு டெஸ்ட் லாம்ப். சின்ன பல்பு, இரண்டு ஒயர். பேட்டரியில் ஆரம்பித்துக் கரண்ட் போகிற வழியே அவரும் போவார். எந்த இடத்தில் பல்பு எரியவில்லையோ அங்கே கோளாறு.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேட்டரிகள். மீட்டர் வைத்தார். இருபத்தைந்து வோல்ட். முழு சார்ஜ். அங்கிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் கட்-ஆஃப் சுவிட்சுக்குப் போனது. சிவப்புக் கைப்பிடி வைத்த சுவிட்ச். அதைத் திருப்பினால் படகு முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். கைப்பிடி ஆனில்தான் இருந்தது. பல்பு எரிந்தது. சுவிட்சைத் தாண்டி வைத்தார். எரிந்தது. ஃப்யூஸில் வைத்தார். எரிந்தது. முன்பக்கம் போய் ஹாரன் பட்டனில் வைத்தார்.

எரிந்தது.

"கரண்டு நல்லாத்தானுங்க வருது மாப்ள. எவனுங்க இல்லைன்னது?"

டக்.

பல்பு அணைந்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தார். கட்-ஆஃப் கைப்பிடி ஆஃபில் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு தொங்கியது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒருவன் லாரிக்கு அடியில் படுத்தாலோ, எஞ்சினுக்குள் கை விட்டாலோ, முதலில் கட்-ஆஃபை ஆஃப் செய்வான். பிறகு தன் துண்டை அந்தக் கைப்பிடியில் தொங்கவிடுவான். உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் துண்டை எடுத்தவனைப் பட்டறையில் அடித்திருக்கிறார்கள்.

"யாருங்க உள்ள?" என்று குரல் கொடுத்தார் காளிதாஸ்.

பதில் இல்லை. படகில் அவரையும் ஜீவாவையும் தவிர யாரும் இல்லை. ஜீவா முன்மூக்கில் உட்கார்ந்து கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, துண்டு உங்களதுங்களா?"

"எந்தத் துண்டுங்க மச்சான்?"

அவன் துண்டு அவன் தலையில் கட்டியிருந்தது.

காளிதாஸ் கிட்டே போனார். ஈரிழைத் துண்டு. சிவப்புக் கரை. நனைந்து பிழியாமல் போட்டதுபோல் தண்ணீர் சொட்டியது. டீசல் வாடை. அதோடு இன்னொரு வாடையும் இருந்தது. கறிக்கடைக் கவிச்சிபோல. தரைப் பலகையில் குனிந்து காதை வைத்தார்.

டிங்... டிங்...

இரும்பில் ஸ்பேனர் தட்டுகிற சத்தம்.

பலகையைத் தூக்கிப் பார்த்தார். கீழே எஞ்சின். அடித்தகட்டில் ஒரு சாண் கறுப்புத் தண்ணீர். ஆள் யாரும் இல்லை. அலையில் ஏதாவது ஆடியிருக்கும் என்று நினைத்தார். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் எவனோ துண்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கைப்பிடியில் ஸ்பிரிங் போயிருக்கிறது. அதற்கு இதைத் தவிர வேறென்ன நினைப்பார்கள்? துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கைப்பிடியை ஆன் செய்தார். ஹாரன் பட்டனுக்குத் திரும்பிப் போனார்.

பல்பு எரிந்தது. விரலை ஹாரனில் வைத்தார்.

டக்.

இந்த முறை உடனே திரும்பினார். கைப்பிடி ஆஃப். துண்டு மறுபடியும் அதில் தொங்கியது. முன்னைவிட அதிகமாகச் சொட்டியது.

சொட்... சொட்... சொட்...

காளிதாசுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவருக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும். "எவனுங்க வெளையாடறது? கையில சிக்குனா தோல உரிச்சுருவேன்" என்று கத்தினார். துண்டைச் சுருட்டி ஆற்றில் வீசினார்.

துணி நனைந்திருந்தாலும் கொஞ்ச நேரம் மிதக்கும் இல்லையா? அது மிதக்கவில்லை. கல்லைப் போட்டதுபோல் உள்ளே போனது.

கைப்பிடியை ஆன் பக்கம் திருப்பினார். திரும்பவில்லை. முன்பு ஒரு விரலில் திரும்பியது, இப்போது கல்லாக நின்றது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். உள்ளிருந்து யாரோ எதிர்ப்பக்கம் அழுத்துவதுபோல் இருந்தது. காலை ஊன்றி, உடம்பு பாரம் முழுவதையும் போட்டார். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனுக்கு வந்தது.

அப்போது பலகைக்கு அடியில் ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

வலியில் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பார்களே, அந்தச் சத்தம்.

ஒரே ஒரு தரம்தான். பிறகு எதுவும் இல்லை. கரண்ட் இந்த முறை போகவில்லை. ஹாரன் அடித்தது. லைட் எரிந்தது. காளிதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். 

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் படகில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற மோட்டார் ஓடவில்லை. அதன் ஒயர் உருகிப்போயிருந்தது. நாளைக்கு ஐம்பது அறுபது பேரை ஏற்றுகிற படகு. ஓட்டப் போகிறவன் தங்கை புருஷன். தண்ணீர் இறைக்கிற மோட்டார் இல்லாமல் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

புது ஒயரை எஞ்சின் பக்கவாட்டில், பலகைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். காளிதாசின் தொந்தி அந்தச் சந்தில் நுழையாது. ஜீவா ஒல்லி.

"நான் போறனுங்க மச்சான்."

காளிதாஸ் கட்-ஆஃபை ஆஃப் செய்தார். தன் தோளில் இருந்த பச்சைத் துண்டை எடுத்துக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டார்.

"எந்துண்டு தொங்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஃபேன் பெல்ட்டுக்கு நடுவுல கைய விட்டுத்தான் ஒயர இழுக்கோணும். அவசரப்படாதீங்க."

ஜீவா கால் முதலில் உள்ளே போனான். பிறகு இடுப்பு. பிறகு தலை. பலகைக்கு அடியில் மறைந்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "மச்சான், ஒயரு ஒரு முழம் பத்தாதுங்க."

மீதி ஒயர் பைக்கில் இருந்தது. பைக் மேலே புளியமரத்தடியில். காளிதாஸ் பலகையில் கால் வைத்துக் கரையேறினார். மேற்கே வானம் பழுத்திருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. பையில் கை விட்டு ஒயர்ச் சுருளைத் தேடி எடுத்தார். திரும்பினார்.

டிரைவர் சீட்டில் ஒரு வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது.

அன்பழகன்.

பச்சைத் துண்டு அவர் கையில் இருந்தது. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துண்ட எடுக்காதீங்க... உள்ள ஆளிருக்கு..."

காற்று எதிரே அடித்தது. குரல் அவருக்கே திரும்பி வந்தது.

அன்பழகன் குனிந்தார். கைப்பிடியை ஆன் செய்தார்.

காளிதாஸ் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று போனது.

அன்பழகனின் கை செல்ப் பட்டனுக்குப் போனது.

அமுக்கினார்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அமுக்கினார்.

ஒன்றும் இல்லை.

"என்னத்த வேல செஞ்சான்" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி... மறுபடி...

காளிதாஸ் கரையிலிருந்தே தாவினார். முழங்கால் இரும்பில் இடித்தது. எழுந்து அன்பழகனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். கட்-ஆஃபை அடித்து ஆஃப் செய்தார்.

"மாப்ள."

பதில் இல்லை.

"மாப்ள..."

அடியிலிருந்து தண்ணீர் சலசலத்தது.

"ஜீவா."

பிறகு பலகைக்கு நடுவே ஒரு கை வந்தது. ஜீவாவின் வலது கை. ஐந்து விரலும் இருந்தது. முழங்கையும் இருந்தது. காளிதாஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, இழுத்து, அவனை முழுசாக வெளியே எடுத்தார். ஜீவாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் திறந்திருந்தது. 

காளிதாஸ் திரும்பினார். அன்பழகனை அறைந்தார். அந்தச் சத்தம் கரையில் இருந்த டீக்கடைக்குக் கேட்டது என்று பின்னால் சொன்னார்கள்.

"உள்ள ஆள் இருக்கறப்ப துண்ட எடுப்பியாடா? நீ லாரி வெச்சிருந்தவன்தான? உனக்கு அது தெரியாதா? என் தங்கச்சிக்கு ஏழாம் மாசம்டா."

'ங்க' போயிருந்தது.

அன்பழகன் உதட்டு ரத்தத்தைத் துடைத்தார். "கூப்ட்டேன் காளிதாசு. சத்தமே வரல. போன வாட்டியும் இப்படித்தான், கூப்ட்டா சத்தம்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போன வாட்டின்னா?"

"ஒண்ணுமில்ல."

"போன வாட்டி எவன்டா உள்ள இருந்தான்?"

"ரங்கன்... அவன் வேற. குடிச்சுட்டு ஆத்துல உழுந்தவன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போய்விட்டார். ரங்கன் ஜீவாவுக்கு முன்னால் அதே படகை ஓட்டியவன். அவன் போன மாசியில் செத்ததால்தான் ஜீவாவுக்கு இந்த வேலை கிடைத்தது.

காளிதாஸ் டெஸ்ட் லாம்பை எடுத்தார். செல்ப் ஏன் எடுக்கவில்லை என்று தெரியாமல் அவரால் அங்கிருந்து நகர முடியாது. ஜீவாவைக் கரையில் உட்கார வைத்தார். கட்-ஆஃபை ஆன் செய்தார். சுவிட்சில் பல்பு எரிந்தது. செல்ப் பட்டனில் எரிந்தது. செல்ப் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளில் எரிந்தது. எங்கேயும் கோளாறு இல்லை.

பட்டனைத் தொட்டார்.

ஒரே தொடலில் எஞ்சின் உறுமி எடுத்தது. ஃபேன் பெல்ட் விர்ரென்று சுற்றியது. சற்று முன்னால் மாப்பிள்ளையின் கை இருந்த இடத்தில்.

எஞ்சினை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்தார். இரண்டு பேட்டரியையும் கழற்றினார். ஒவ்வொன்றாகக் கரைக்குத் தூக்கி வந்து, கயிறு போட்டு பைக்கில் கட்டினார். திருட்டு என்று கேஸ் கொடுத்தால் கொடுக்கட்டும். பதினெட்டுக்கு அந்தப் படகு ஓடாது. ஓடவும் இல்லை.

ஜீவா வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. சாப்பிட்டான், அபிநயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வலது கையை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டான். மச்சானும் கேட்கவில்லை. சாவின் வாசல் வரை போய்வந்தவனை என்ன கேட்பது?

ஆனால் காளிதாசுக்கு அந்தப் 'போன வாட்டி' தொண்டையில் முள்ளாக நின்றது. விசாரித்தார். ரங்கனின் மனைவி பெயர் பாவாயி. புருஷன் போனபின் தன் அண்ணன் ஊரான எருமப்பட்டிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை.

மூன்றாம் நாள் கிளம்பினார். "நானும் வாரனுங்க மச்சான்" என்றான் ஜீவா. படகை விட்டு வந்தபின் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

பாவாயி பண்ணைக் கொட்டகையின் முகப்பில் உட்கார்ந்து முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். யார் என்று சொன்னபோதும் அவள் கை நிற்கவில்லை. அடுக்கிக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. காளிதாசின் கோபம் எல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது.

"குடிச்சுட்டு ஆத்துல உழுந்துட்டாருன்னு சொன்னாங்க. எம்பட ஊட்டுக்காரரு டீயவே பாதி டம்ளருதான் குடிப்பாருங்க. மூடித்தான் கொண்டாந்தாங்க. தொறக்காதேன்னாங்க. நான் தொறந்தனுங்க. வலது கை இல்ல. தோளோட இல்ல."

முட்டை ஒன்று அட்டையில் உட்கார்ந்தது.

"கேட்டதுக்கு, ஆத்துல முதலை தின்னுருச்சுன்னாரு ஓனரு. தோள்பட்டையெல்லாம் கறுப்பு கறுப்பா அப்பிக் கெடந்துச்சுங்க. நாந்தான் மண்ணெண்ண போட்டுத் தொடச்சேன். முதலைக்கு ஏதுங்க கிரீசு?"

காளிதாஸ் வாயைத் திறந்தார்.  போலீசுக்குப் போகலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்று ஏதோ சொன்னார். அன்பழகன் தன் வாயால் சொன்னதை அப்படியே ஸ்டேஷனில் சொல்வேன் என்றார். அவள் தலையாட்டினாள்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஜீவா தரையில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்லக்கூடியது இல்லை போலிருக்கிறது.

"மச்சான்... அன்னைக்கு நான் உள்ள இருந்தப்ப..."

"சொல்லுங்க."

"பெல்ட்டுக்கு நடுவுல கைய விட்டிருந்தனுங்க. மேல நடக்கற சத்தம் கேட்டுச்சு. கைப்பிடி திரும்பற சத்தமும் கேட்டுச்சு. கைய இழுத்தேன், வரல. மணிக்கட்டுல கட்டியிருந்த சாமி கயிறு கொக்கில மாட்டிக்கிச்சு. கத்தோணும்னு பாத்தேன். சத்தம் வரல."

பாவாயியின் கை முதல்முறையாக நின்றது.

"பக்கத்துல ஒருத்தரு படுத்திருந்தாருங்க."

கொட்டகைக்குள் கோழிகள் கொக்கரித்துக்கொண்டே இருந்தன.

"தண்ணிக்குள்ள. மூஞ்சி என் மூஞ்சிக்குப் பக்கத்துல. என்னையப் பாக்கல. செல்ப் மோட்டாருக்கு வர்ற கேபிள ஒரு கையில இறுக்கிப் புடிச்சிட்டு இருந்தாரு. மேல பட்டன அமுக்க அமுக்க, அவரு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சுங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு மூச்ச இழுத்தாரு. கைய மட்டும் உடல. நீங்க ஆஃப் பண்ற வரைக்கும் உடலீங்க."

"எந்தக் கைங்க?" என்றாள் பாவாயி.

"இடது கைங்க. அந்த ஒரு கைதான் இருந்துச்சு."

 காளிதாசுக்கு அன்று இரண்டு கையாலும் திருப்பிய அந்தக் கைப்பிடியின் பாரம் உள்ளங்கையில் தெரிந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பாவாயி வாசலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பேட்டரியக் கழட்டிட்டீங்களாங்க?"

"ரெண்டையும் கழட்டி எங்கடைக்குக் கொண்டாந்துட்டனுங்க."

"இனி யாரும் கரண்டு போடமாட்டாங்க?"

"போடமாட்டாங்க."

"அப்ப இனிமே வெளிய வந்துருவாருங்க."

சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

"இங்க வருவாருன்னு சொல்லலீங்க. ஓனரு கணக்கு இன்னும் முடியல. வேலைய பாக்கி வெச்சுட்டு ஊட்டுக்கு வந்து அவருக்குப் பழக்கமில்ல."